மண்ணையும் மோட்டாரையும் படித்தவர்: ஜி.டி. நாயுடு

(மின்னியல் பிரிவு, இரண்டாம் ஆண்டு மாணவர்)



பாலிடெக்னிக்கில் சேர்ந்த புதிதில் நம்மில் பல பேர் காதில் விழுந்த கேள்வி ஒன்று உண்டு. ஏர் பிடித்த குடும்பத்துப் பிள்ளை மோட்டார், லேத், சர்க்யூட் என்று படித்து என்ன பண்ணப் போகிறாய் என்பார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான்தான். தாத்தா முடிச்சூர்ப் பக்கம் கூலிக்கு ஏற்றம் இறைத்தவர். அப்பா நாற்று நட்டு, கதிர் அறுத்து, நிலமெல்லாம் மனையான பிறகு கட்டட வேலைக்குப் போனவர். அதனால் இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. ஏருக்கும் எந்திரத்துக்கும் என்ன உறவு என்று தேடிப் படித்தபோது கிடைத்தவர்தான் கோவை ஜி.டி. நாயுடு.

இந்தியாவின் எடிசன் என்று அவரைச் சொல்வார்கள். சவரக் கத்தி செய்தார், ரேடியோ செய்தார், பஸ் ஓட்டினார் என்பது பலருக்குத் தெரியும். அவர் ஒரு விவசாயி என்பதும், அவர் கம்பெனியில் பிறந்த ஒரு பொருள் தமிழ்நாட்டு விவசாயத்தின் முறையையே மாற்றியது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தப் பக்கத்தைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

கலங்கல் கிராமத்துப் பையன்

கோவை மாவட்டம் சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்றொரு ஊர். அங்கே 1893 மார்ச் 23-ம் தேதி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் துரைசாமி. தகப்பனார் பெயர் கோபால்சாமி நாயுடு. சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிவந்த பையன் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. அப்புறம் அப்பாவின் தோட்டத்தில் வேலை.

அந்தத் தோட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவரைப் புரிந்துகொள்ள முடியும். நம் செங்கல்பட்டுச் சீமை ஏரிப் பாசன பூமி. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பும். மதகைத் திறந்தால் கால்வாய் வழியே தண்ணீர் வயலுக்குப் பாயும். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று பட்டம் பார்த்து நெல் போடுவார்கள். இது நஞ்சை விவசாயம். கொங்கு நாடு அப்படியில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்வதால் கோவைச் சமவெளியில் மழை குறைவு. நம் பக்கம் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது என்றால் அங்கே அதில் பாதி அளவுதான். ஆகவே அங்கே நிலம் இரண்டு வகை. வானத்தை நம்பி சோளம், கம்பு, கொள்ளு விதைக்கும் மானாவாரி நிலத்துக்குக் காடு என்று பெயர். கிணறு வெட்டி, நீர் இறைத்து, பருத்தி, மஞ்சள், வாழை என்று பணப்பயிர் வைக்கும் நிலத்துக்குத் தோட்டம் என்று பெயர்.

காட்டைத் தோட்டமாக்குவது கிணறு. கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவந்தது கவலை. இரண்டு மாடுகளைப் பூட்டி, சரிவான வாரியில் இறக்கி ஓட்டினால், வடத்தில் கட்டிய பறி நீரை மொண்டு மேலே வந்து தொட்டியில் கொட்டும். மாடு பின்னோக்கி நடந்து வந்தால் பறி மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கும். விடிகாலையில் பூட்டினால் வெயில் ஏறும்வரை இதே வேலை. கிணறு எத்தனை ஆழமோ அத்தனை நீளம் வடம், அத்தனை நீளம் மாட்டுக்கு நடை. ஒரு குடும்பம் எத்தனை ஏக்கர் தோட்டம் வைக்கலாம் என்பதை மண் தீர்மானிக்கவில்லை, மாட்டின் தோள்தான் தீர்மானித்தது. நம் பக்கத்து ஏற்றமும் அதே கதைதான். அங்கே மாடு, இங்கே மனிதன்!

ரட்ஜ் மோட்டார் சைக்கிள்

இளைஞன் துரைசாமி ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானாகப் போகிறது! அன்றே அவர் மனசு அதில் மாட்டிக்கொண்டது. கையில காசில்லை. ஊரை விட்டுக் கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். சுமார் 3 ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பார்த்து மறுபடியும் மாட்டினார். சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லை, புத்தகம் இல்லை. நாம் ஒர்க்ஷாப்பில் ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டினால் அதற்கு ரெக்கார்டு நோட்டும் மார்க்கும் உண்டு. அவருக்கு மார்க் போட்டது அந்த வண்டி மட்டும்தான். ஓடினால் பாஸ், ஓடாவிட்டால் பெயில்!

பருத்தியில் ஏற்றமும் இறக்கமும்

அடுத்ததாக அவர் போனது பருத்திக்கு. கொங்கு மண்ணில் முன்பு விளைந்த நாட்டுப் பருத்திக்கு இழை குட்டை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்து சேர்ந்தது. அதன் இழை நீளம். மில்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். ஆனால் அது தோட்டத்துப் பயிர், கிணற்று நீர் கேட்கும். விதை மாறியதும் பாசனத்தின் தேவையும் கூடியது. விளைந்த பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கத் திருப்பூர்ப் பக்கம் ஜின்னிங் ஆலைகள் பெருகின.

முதல் உலகப் போர்க் காலத்தில் நாயுடு திருப்பூரில் பருத்தித் தொழில் செய்து நல்ல காசு பார்த்தார். அந்தத் துணிச்சலில் பம்பாய் போய்ப் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். அங்கே நடந்தது விலையை வைத்து ஆடும் ஆட்டம். போட்ட பணம் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார். வயலில் விளைந்ததற்கு விலை வைப்பது எங்கோ இருக்கிற சந்தை என்பதை விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் அதைச் சொந்தக் காசில் படித்தார்.

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு

கோவையில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் அவருக்குக் கை கொடுத்தார். அவர் தந்த பணமும் தான் புரட்டிய பணமும் சேர்த்து நாயுடு ஒரு பஸ் வாங்கினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தானே ஓட்டினார். ஓட்டுநரும் அவரே, மெக்கானிக்கும் அவரே. அந்த ஒரு பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1930-களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பஸ்கள் அந்தப் பெயரில் ஓடின.

பஸ் சர்வீஸ் நடத்தினால் ஒர்க்ஷாப் வேண்டும். ஒர்க்ஷாப் இருந்தால் புதிதாக எதையாவது செய்து பார்க்கத் தோன்றும். அந்த ஒர்க்ஷாப்பிலிருந்துதான் நாயுடுவின் கண்டுபிடிப்புகள் வரிசையாக வந்தன. பேட்டரியில் ஓடும் ரசாந்த் சவரக் கருவி, மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி, ஓட்டுப் பதியும் எந்திரம் என்று பட்டியல் நீளம். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்றார். 1952-ல் இரண்டு பேர் போகும் காரை 2,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். அதற்கு அரசு அனுமதி கிடைக்கவில்லை. ஏழைக்கு எட்டும் விலையில் பொருள் இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர்.

மாட்டின் தோளிலிருந்து இறங்கிய சுமை

இனிதான் நம் விஷயம். 1931-லேயே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் வந்துவிட்டது. ரயில் மின்சாரத்தில் ஓடியதே தவிர, தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த வயல்களில் மனிதன்தான் ஏற்றத்தின் மேல் நடந்துகொண்டிருந்தான். கோவைக்கு 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்தால் போதுமா? மோட்டார் வேண்டாமா? மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தன. சாதாரண விவசாயிக்கு அந்த விலை கட்டாது.

1937-ல் யு.எம்.எஸ். நிறுவனத்தில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து ஜி.டி. நாயுடு ஒரு மின் மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். (நம் தாம்பரத்துக்குக் கிறித்தவக் கல்லூரி வந்ததும் அதே 1937-ல்தான்.) பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொடங்கியது. பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தை வளர்த்தார். வார்ப்பாலை, கடைசல் பட்டறை, பம்பு செய்யும் பட்டறை என்று கோவை முழுக்கப் பெருகி, மோட்டாருக்கும் பம்புக்கும் இந்தியாவே கோவையைத் தேடும் நிலை வந்தது.

இதன் பலனை நாம் படித்த கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். 5 குதிரைத்திறன் மோட்டார் என்றால் 3,730 வாட். பம்பிலும் குழாயிலும் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், 20 மீட்டர் ஆழத்திலிருந்து வினாடிக்குச் சுமார் 9.5 லிட்டர் மேலே வரும். மணிக்கு ஏறத்தாழ 34,000 லிட்டர்! ஒரு ஜோடி மாடு நாள் முழுக்க இறைப்பதை மோட்டார் சில மணி நேரத்தில் இறைத்துவிடும். அதற்குத் தீனி வேண்டாம், களைப்பு கிடையாது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பம்பு நீரை உறிஞ்சுவது காற்றழுத்தத்தின் உதவியால். காற்றழுத்தம் தூக்கக்கூடிய உயரம் கணக்குப்படி சுமார் 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழு, ஏழரைக்கு மேல் வராது. கொங்குக் கிணறுகளோ அதைவிட ஆழம். அதனால் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரையும் பம்பையும் இறக்கி வைத்தார்கள். நீர் மட்டம் இறங்க இறங்க மோட்டாரும் இறங்கியது. காயில் எரிந்தால் பக்கத்து ஊர் மெக்கானிக்கே ரீவைண்டிங் செய்து கொடுத்தார். எந்திரம் கிராமத்துக்குள் போனதோடு, எந்திர அறிவும் கூடவே போயிற்று. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மோட்டார் வந்த தோட்டங்களில் விவசாய முறையே மாறியது. மானாவாரிச் சோளம் போட்ட காட்டில் கரும்பும் வாழையும் மஞ்சளும் வந்தன. ஒரு போகம் பார்த்த இடத்தில் இரண்டு, மூன்று போகம் பார்த்தார்கள்.

நாயுடுவின் தோட்டம்

பட்டறையில் இருந்த அதே புத்தி தோட்டத்திலும் வேலை செய்தது. 1944-ல் மோட்டார் தொழிலிலிருந்து ஒதுங்கிய நாயுடு, பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகிய பயிர்களில் ஆராய்ச்சி செய்தார். செடிக்கு ஊசி மூலம் மருந்து ஏற்றிப் பார்த்தார். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த பருத்திச் செடிகளைப் பற்றி அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சர் சி.வி. ராமனும் விஸ்வேசுவரய்யாவும் அவருடைய பண்ணைக்கு வந்து பார்த்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஆனால் நண்பர்களே, மின்னியல் மாணவனாக இதை நான் கொஞ்சம் நிதானமாகத்தான் பார்க்கிறேன். ஊசி போட்டு வளர்த்த செடியின் உயரம் பெரும்பாலும் அந்தச் செடியோடு முடிந்துவிடும். விதை எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறைக்கும் அதே குணம் வர வேண்டும். பத்து ஊர் மண்ணில், பத்து விவசாயிகளின் கையில் அது நின்று காட்ட வேண்டும். அப்போதுதான் அதற்கு ரகம் என்று பெயர்.

அப்படி நின்று காட்டிய வேலையும் அதே கோவையில்தான் நடந்தது. நம் சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி 1906-ல் கோவைக்குப் போனது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். 1912-ல் கோவையில் கரும்பு இனவிருத்தி நிலையம் வந்தது. அங்கே டி.எஸ். வெங்கடராமன் போன்றவர்கள், இனிப்பு மிகுந்த கரும்பையும் தானாக வளரும் நாணல் போன்ற காட்டுக் கரும்பையும் ஒட்டுச் சேர்த்து, கோ என்ற எழுத்தோடு எண் போட்ட ரகங்களை உண்டாக்கினார்கள். அவை வட இந்தியா முழுக்கப் பரவின. வருடக் கணக்கில் பதிவு வைத்து, பல இடங்களில் நட்டுப் பார்த்துச் செய்த வேலை அது.

நாயுடுவின் அதிசயச் செடிகள் பார்த்தவர்களை வியக்க வைத்தன. அவர் கம்பெனி மோட்டாரோ கிணற்றுக்குக் கிணறு போனது. ஏனென்றால் அதை இன்னொருவர் செய்ய முடிந்தது, பழுது பார்க்க முடிந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கண்காட்சிச் சுரைக்காயும் அப்படித்தான்.

நம்மைப் போன்றவர்களுக்காக ஒரு கல்லூரி

ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத இந்த மனிதர் கட்டியது எது தெரியுமா? பாலிடெக்னிக்! 1945-ல் அவர் தந்த கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் உருவாயின. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவரின் பெயர் அது. அந்தப் பொறியியல் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நாயுடுவே அதற்குத் தலைமை ஏற்றார். நான்கு ஆண்டுப் படிப்பு மாணவனின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு ஆண்டில் கற்றுக்கொடுத்து விடலாம் என்பது அவர் வாதம். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

அவர் சொன்னது முழுக்கச் சரியா என்று நம் ஆசிரியர்கள் வேறுமாதிரி சொல்லலாம்! ஆனால் அந்த அவசரத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவன் வீட்டில் ஒவ்வொரு வருடமும் ஒரு கணக்கு. படிக்கிற வருடம் சம்பாதிக்காத வருடம். அந்தக் கணக்கு ஓட்டல் சர்வராக நின்று 300 ரூபாய் சேர்த்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

1974 ஜனவரி 4-ம் தேதி ஜி.டி. நாயுடு காலமானார். கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் அவர் பெயரை வைத்தார்கள்.

மோட்டார் கொடுத்ததும் எடுத்ததும்

ஒருவரைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போனால் அது பாதி வரலாறு. மோட்டார் கிணற்றுக்குள் இறங்கியபோது நீர் மட்டமும் இறங்கத் தொடங்கியது. கவலைக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும், அதற்குள் ஊற்று ஊறிவிடும். மோட்டாருக்குக் களைப்பு இல்லாததே கிணற்றுக்கு ஆபத்தாயிற்று. கிணறு வற்றியது, ஆழ்குழாய் வந்தது. அடுத்து நீர்மூழ்கி மோட்டார் வந்தது. மின் கட்டணமும் விவசாயிக்கு வாழ்வா சாவா என்ற பிரச்சினையானது. 1972-ல் கோவை நகரத் தெருக்களில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி விவசாயிகள் போராடினார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. பலருடைய வயிறு நிறைந்தது. பூமியின் வயிறு காலியானது.

நம் பக்கம் வேறு மாதிரி. செம்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று ஏரிகளின் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் ஆயக்கட்டு வயல்கள் பெரும்பாலும் இல்லை. நெல்லுக்குப் போன தண்ணீர் இன்று வீட்டுக்கும் கடைக்கும் போகிறது. புறநகரில் எத்தனையோ விவசாயக் கிணறுகள் லாரிக்குத் தண்ணீர் நிரப்பும் கிணறுகளாகிவிட்டன. மிச்சம் இருக்கும் இடங்களில் கீரையும் காய்கறியும் போடுகிறார்கள். அதுவும் விவசாயம்தான். கொஞ்ச நிலம், நிறைய உழைப்பு, பக்கத்திலேயே சந்தை.

அப்படியானால் மோட்டார் செய்தது தப்பா? தாத்தாவிடம் இதைக் கேட்டேன். ஏற்றத்தின் மேல் ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டுக் கேள் என்று சொல்லிவிட்டார். அவர் காலில் இருக்கும் காய்ப்பைப் பார்த்தவன் மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. குறை மோட்டாரை எப்படி ஓட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனம் வேருக்கு மட்டும் தண்ணீர் தருகிறது. திருந்திய நெல் சாகுபடியில் எப்போதும் நீரைத் தேக்கி நிறுத்தாமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டு நெல் எடுக்கிறார்கள். மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாக நின்றுவிடும் பம்பு, வெயிலில் ஓடும் பம்பு, குறைந்த மின்சாரத்தில் நிறைய இறைக்கும் பம்பு எல்லாமே வந்துவிட்டன. ஆனால் இவை கிராமத்து மெக்கானிக்கின் கைக்கு வர வேண்டும், சிறு விவசாயியின் விலைக்கு வர வேண்டும். 1937-ல் மோட்டாருக்கு நடந்தது இவற்றுக்கும் நடக்க வேண்டும்.

அதைச் செய்யப்போவது யார்? டிசைன் போடுகிறவர்கள் எங்கேயோ இருக்கலாம். கிணற்று மேட்டில் நின்று கழற்றி மாட்டப் போகிறவர்கள் டிப்ளமோ படித்த நாம்தான். ஏர் பிடித்த வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. எந்த மடையில் தண்ணீர் தேங்கும், எந்த மண் சீக்கிரம் காயும் என்பது நமக்கு வீட்டிலேயே தெரிந்த பாடம். அந்தப் பாடத்தையும் லேபில் படிக்கும் பாடத்தையும் சேர்த்து வைத்தால் போதும்.

மோட்டார் படித்து என்ன பண்ணப் போகிறாய் என்று இனி யாராவது கேட்டால், கலங்கல் கிராமத்துத் துரைசாமியின் கதையைச் சொல்லுங்கள். நான் முதலில் என் அப்பாவிடம்தான் சொன்னேன். இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஈரம் பார்த்து நிற்கும் பம்பு செய்யலாம் என்று இருக்கிறேன். மண்ணைப் பற்றிய சந்தேகம் வந்தால் தன்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்.